டிராலி மியூசியமும் பேஸ்மெண்ட் டிராமும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். வார நாட்களில் கணக்கு எழுதும் வேலை, சனிக்கிழமை டிராலி மியூசியத்தில் தன்னார்வலர், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேஸ்மெண்டில் சின்ன டிராம். இதைச் சொன்னதும் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் வரிசையிலும் சரி, ஊருக்கு வந்தால் கல்யாணப் பந்தியிலும் சரி, எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் இலையில் ரசம் ஓடிவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

டிராலி என்றால் ஏர்போர்ட்டில் பெட்டி தள்ளுகிற வண்டிதானே?

இல்லை. அமெரிக்காவில் டிராமைத்தான் டிராலி என்கிறார்கள். கூரை மேலிருந்து சாய்வாக ஒரு நீளக் கம்பம் போகும், அதன் நுனியில் ஒரு சின்னச் சக்கரமோ கரித்துண்டு வைத்த காலணி மாதிரி ஒன்றோ இருக்கும், அது மேலே ஓடும் கம்பியைத் தொட்டு மின்சாரத்தை இறக்கும். அந்தச் சக்கரத்தின் பெயர்தான் வண்டிக்கே ஒட்டிக்கொண்டது. மின்சாரம் மோட்டாருக்குள் போய், சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, திரும்பப் போய்விடும். மேலே 600 வோல்ட் நேர்மின்சாரம், கீழே தண்டவாளம்தான் திரும்பும் வழி.

எந்த மியூசியம்? அந்த ஊரில் எதற்கு?

பென்சில்வேனியா டிராலி மியூசியம். பிட்ஸ்பர்க்குக்குத் தென்மேற்கே வாஷிங்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது, தலைநகர் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. பிட்ஸ்பர்க்கிலிருந்து அந்த ஊர் வரைக்கும் டிராமிலேயே போகலாம் என்றிருந்த காலம் 1953-இல் முடிந்தது. தண்டவாளத்தைப் பிடுங்குவதற்கு முன்பு, 1954 பிப்ரவரியில், டிராம் பைத்தியம் பிடித்த ஒரு குழு மூன்று வண்டிகளை அதே தடத்தில், அவற்றின் சொந்தச் சக்தியிலேயே ஓட்டிக்கொண்டு வந்து இங்கே சேர்த்தது. 1963-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். லாரியில் ஏற்றாமல், தானே நடந்து வீடு வந்த மாதிரி வந்த வண்டிகள் அவை. எனக்கு இந்த மியூசியத்தில் முதலில் பிடித்தது இந்தக் கதைதான்.

1953-தான் நம்ம ஊரிலும். மெட்ராஸ் டிராம் 1895 மே மாதம் தொடங்கி 1953 ஏப்ரலில் நின்றது. இந்தியாவில் முதலில் மின்சார டிராம் ஓடிய ஊர் மெட்ராஸ், கல்கத்தா இல்லை. இதைச் சொன்னால் சென்னைக்காரர்களே நம்புவதில்லை.

சனிக்கிழமை அங்கே போய் என்னதான் செய்வீர்கள்?

காலை ஆறு மணிக்கு டிகாஷன் இறங்கும்போதே யூனிஃபார்மை மாட்டிக்கொள்வேன். கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, தொப்பி. கொண்டை போட்டால் தொப்பி நிற்காது, பின்னலை உள்ளே மடித்துச் செருகினால் தலை அரிக்கும், இதற்கு இன்றுவரை தீர்வு கிடைக்கவில்லை.

போனதும் வண்டியைச் சுற்றி ஒரு நடை. குனிந்து அடியில் பார்ப்பது, ஏதாவது தொங்குகிறதா, எண்ணெய் சொட்டியிருக்கிறதா. மணல் பெட்டியில் மணல் இருக்கிறதா (ஈரத்தில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவ வேண்டும், இலையுதிர் காலத்தில் நனைந்த இலை தண்டவாளத்தில் ஒட்டிக் கிடந்தால் வாழைப்பழத் தோலில் கால் வைத்த கதைதான்). கம்பத்தின் கயிறு பிய்ந்திருக்கிறதா. இதெல்லாம் ஆன பிறகு கயிற்றைப் பிடித்துக் கம்பத்தை மெதுவாக ஏற்றிக் கம்பியில் உட்கார வைப்பேன். ஒரு சின்ன நீலப் பொறி. உடனே வண்டிக்கு அடியில் கம்ப்ரஸர் டகடகடகடக என்று ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம், ஏனென்று தெரியாது. பிரேக்குக்குக் காற்று சேருகிறது, முள் ஏறுகிறது, இரும்பு முழுக்க லேசாக அதிர்கிறது, ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிலுகிலுக்கின்றன. காற்று போதிய அளவு வந்ததும் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். அந்தத் திடீர் அமைதியில்தான் பறவைச் சத்தமே காதில் விழும். அப்புறம் பிரேக் போட்டுப் பார்ப்பது, விடுவிப்பது, நாலடி நகர்த்தி மறுபடி போட்டுப் பார்ப்பது. பிரேக் பிடிக்கிறது என்று கை உணர்ந்த பிறகுதான் ஆள் ஏற்றுவோம்.

மற்றபடி நாளின் பெரும்பகுதி என்ன தெரியுமா? காத்திருப்பது. துடைப்பது. கழிவறை எங்கே என்று சொல்வது. குழந்தைகளைக் காலால் மிதிக்கும் மணியை அடிக்க விடுவது, அப்புறம் அவர்களை அதிலிருந்து பிரித்து எடுப்பது. பிரித்து எடுப்பதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை.

டிராம் ஓட்டுவது கஷ்டமா? ஸ்டியரிங்தான் கிடையாதே?

ஸ்டியரிங் இல்லை என்பதுதான் கஷ்டமே. குறுக்கே வந்தவனை விட்டு ஒதுங்க முடியாது, நிறுத்தத்தான் முடியும், இரும்பு மேல் இரும்பு அவ்வளவு சீக்கிரம் நிற்காது. அதனால் பாடமே பிரேக்கில்தான் தொடங்குகிறது. விதிப்புத்தகம், தேர்வு, அப்புறம் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க நிறைய ஓட்டம். என்னைப் பழக்கியவர் முதல் நாள் முழுக்க வேகம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "காற்றைச் சேமி, காற்றைச் சேமி" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய வண்டிகளில் இடது கைக்குக் கன்ட்ரோலர். பித்தளைக் கைப்பிடி, ஒவ்வொரு படியாகத் திருப்ப வேண்டும். முதல் படிகளில் மோட்டார்கள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும், 600 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பிந்தைய படிகளில் அருகருகே இணைந்து ஆளுக்கு முழு 600-ஐ எடுத்துக்கொள்ளும். நடுவில் உள்ள படிகளில் மின்சாரத்தின் ஒரு பகுதி வண்டிக்கு அடியில் உள்ள தடைச்சுருள்களில் வெப்பமாகத்தான் போகும், அதனால் அங்கே கைப்பிடியை நிறுத்தி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தால் கீழே காய்ந்துவிடும். ரொம்ப வேகமாகத் திருப்பினாலும் வண்டி முட்டிக்கொண்டு குதிக்கும், நிற்கும் பாட்டிகள் திட்டுவார்கள். தோசைக்கல் பதம் மாதிரி கைக்கு வர வேண்டிய விஷயம்.

1936-இல் வந்த பிசிசி வகை வண்டிகள் வேறு ஜாதி. கார் போலக் காலில் பெடல், சத்தமில்லாத ஓட்டம். கார்களோடும் பஸ்களோடும் போட்டி போட, டிராம் கம்பெனிகளின் தலைவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து உருவாக்கிய வடிவமைப்பு, பெயரே அந்தக் குழுவின் பெயர்தான். பிட்ஸ்பர்க் மட்டும் 666 வாங்கியது. கடைசி பிசிசி இங்கே ஓய்வு பெற்றது 1999-இல். நான் ஓட்டியதில் சொகுசு பிசிசிதான், ஆனால் பிடித்தது பித்தளைக் கைப்பிடிதான்.

கண்டக்டர் உண்டா?

உண்டு, முறை வைத்து நானும் செய்வேன். கயிற்றை இழுத்தால் டிரைவர் பக்கம் மணி அடிக்கும். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. முதல் நாள் இதைச் சொல்லிக் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நம்ம ஊர் டவுன் பஸ் விசிலும் அதேதானே, ஒன்று அடித்தால் நிற்கும், ரெண்டு அடித்தால் ரைட். அமெரிக்கர்களுக்கு ஒரு வாரம் ஆகிற பாடம் எனக்கு அரை நிமிஷத்தில் முடிந்தது.

பெண்களை ஓட்ட விடுவார்களா?

விடுவார்கள். இரண்டாம் உலகப்போர் நாட்களிலேயே அமெரிக்க நகரங்களில் பெண்கள் டிராம் ஓட்டியிருக்கிறார்கள். அடுத்த கேள்வி.

கம்பம் கம்பியை விட்டு விலகிவிட்டால்?

மோட்டார் அடங்கிவிடும், விளக்கு அணையும், எல்லோரும் திரும்பி உங்களைப் பார்ப்பார்கள். கம்பம் மேலே ஸ்பிரிங் விசையில் எழும்பி நிற்கும், தாங்கு கம்பிகளை அடித்துக் கிழிப்பதற்குள் கயிற்றை இழுத்து இறக்க வேண்டும். பின்னோக்கிப் போகும்போது கம்பத்தைத் திருப்பாமல் போனால் இது சுலபமாக நடக்கும். எனக்கு ஒரு தடவை நடந்தது, பயிற்சியில், என் தப்புதான், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பறவையைப் பார்த்துவிட்டேன். ஏணி போட்டு யாரோ ஏற வேண்டிய அளவுக்குப் போகவில்லை, ஆனால் அன்றைக்கு மதியம் வரை யாரும் என்னிடம் பறவைகளைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

தடத்தின் கடைசியில் வண்டி திரும்பாது, நாம்தான் திரும்ப வேண்டும். ஒரு கம்பத்தை ஏற்றி மறு கம்பத்தை இறக்கிக் கட்டுவது, கைப்பிடிகளைக் கழற்றி மறுமுனைக்கு எடுத்துப் போவது, பிரம்பு பின்னிய இருக்கைகளின் முதுகை வரிசையாகத் தள்ளித் திசை மாற்றுவது. டக், டக், டக் என்று இருபது இருக்கை. குழந்தைகள் இதற்கு உதவிக்கு வந்துவிடுவார்கள், ஊஞ்சலை விட இதுதான் பிடிக்கிறது.

சம்பளம் தருவார்களா?

இல்லை. பெட்ரோலும் என் காசுதான்.

ஓட்டாத நாட்களில் வேலை உண்டா?

ஓட்டுவதுதான் குறைவு. நிஜ வேலை பட்டறையில். மரத்தால் செய்த பழைய டிராம்களுக்குக் கூரை கான்வாஸ் துணி, இழுத்து ஆணியடித்து, மேலே பல கை பெயிண்ட் பூச வேண்டும், ஒரு சுருக்கம் விழுந்தால் அங்கேதான் தண்ணீர் தேங்கும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும், சுரண்டும்போது முகமூடி போட்டுக்கொண்டு வியர்வையில் குளிக்க வேண்டும். மின்பிரிவுப் பக்கம் போனால் கரித்துண்டுகள், தாமிரப் பட்டைகள், எழுபது எண்பது வருஷத்து இன்சுலேஷன்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை பேரிங் பெட்டி. பழைய மோட்டார்களில் பேரிங்குக்கு எண்ணெய் போவது எப்படி என்று கேளுங்கள்: பெட்டி நிறையக் கம்பளி நூல் கழிவைத் திணித்து எண்ணெயில் ஊறப்போட்டிருப்பார்கள். நூல் எண்ணெயை மேலே இழுத்து, சுழலும் இரும்பைத் தடவிக்கொண்டே இருக்கும். சொல்லிக் கொடுத்தவர் நுண்துளை, பரப்பு இழுவிசை என்று கால் மணி நேரம் விளக்கினார். விளக்குத் திரிதானே, தினமும் சாயங்காலம் ஏற்றுகிறேன் என்றேன். திணிப்பதிலும் அதே சூட்சுமம்தான், இறுக்கித் திணித்தால் எண்ணெய் ஏறாது, தளர விட்டால் இரும்பைத் தொடாமல் கீழே உட்கார்ந்துவிடும். கை முழங்கை வரை கறுப்பாகி, வீட்டுக்கு வந்து சீயக்காய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் திங்கட்கிழமை வரை இருக்கும். ஆபீஸில் மீட்டிங்கின்போது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

சரி, வீட்டில் பொம்மை ரயில் எப்படி ஆரம்பித்தது?

கொலு. எங்கள் வீட்டுக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் பார்க் வைப்போம், கடுகு முளைக்க வைத்துப் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், அண்ணனின் சாவி கொடுக்கிற ரயில் அதைச் சுற்றி ஓடும். ஒன்பது நாளும் நான் அதன் பக்கத்தில்தான். இங்கே வந்து முதல் டிசம்பரில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் ரயில் சுற்றுவதைப் பார்த்ததும், அட இவர்களுக்கும் பார்க் உண்டா என்று தோன்றியது. அடுத்த வாரமே ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். அதிலிருந்து நின்ற பாடில்லை.

இப்போதும் நவராத்திரிக்கு மேலே கூடத்தில் ஒரு சின்ன வட்டத் தடம் போட்டு ஒரு டிராமை ஓட விடுவேன். சுண்டல் வாங்க வருகிற மாமிகள் செட்டியார் பொம்மையைப் பார்ப்பதைவிட அதைத்தான் பார்க்கிறார்கள்.

மாடல்காரர்கள் எல்லோரும் சின்னதாக வைத்திருக்கிறார்கள், உங்களுடையது ஏன் இவ்வளவு பெரியது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த கேள்வி.

பெரும்பாலானோர் வைத்திருப்பது ஹெச்ஓ, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. நான் வைத்திருப்பது ஓ அளவு, 48-இல் ஒரு பங்கு. சுமார் 46 அடி நீள பிசிசி ஹெச்ஓவில் ஆறேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், ஓவில் பதினொன்றரை அங்குலம். இடத்தை அடைக்கும், உண்மைதான். ஆனால் ரயில் மாதிரி இல்லை, டிராம் தெருமுனையில் திரும்பப் பிறந்தது. நிஜத்தில் 40 அடி ஆரமுள்ள வளைவு ஓ அளவில் 10 அங்குல ஆரம்தான். பெரிய ஸ்டீம் எஞ்சின் திரும்ப முடியாத அறையில் டிராம் ஒய்யாரமாகத் திரும்பும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. அமெரிக்க ஓ அளவுத் தண்டவாளத்தில் ஒரு பரம்பரைத் தப்பு இருக்கிறது. அகலம் ஒன்றேகால் அங்குலம். 48-ஆல் பெருக்குங்கள், 60 அங்குலம், அதாவது 5 அடி. ஆனால் அமெரிக்காவில் நிஜ ரயில் பாதை 4 அடி 8½ அங்குலம். ஆக எல்லா ஓ அளவு ரயிலும் மூன்றரை அங்குலம் கூடுதல் அகலத்தில்தான் ஓடுகிறது, கண் கூர்மையானவர்களுக்கு முன்னாலிருந்து பார்த்தால் கால் அகட்டி நிற்கிற மாதிரி தெரியும். இதை வைத்து சண்டை போடுகிறவர்கள் உண்டு, வண்டியில் எத்தனை ரிவெட் ஆணி என்று எண்ணுகிற அதே ஆட்கள்.

பிட்ஸ்பர்க் டிராம் பாதை 5 அடி 2½ அங்குலம். ரயில்வே கம்பெனிகள் தங்கள் சரக்கு வண்டிகளை ஊர்த் தெருக்களுக்குள் ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வேறு அகலம் வைத்தார்கள். இன்றைக்கு ஓடும் லைட் ரயிலும் அதே அகலம்தான். அப்படியானால் எங்கள் ஊர் டிராமுக்கு ஓ அளவுத் தண்டவாளம் இரண்டரை அங்குலம்தான் குறைவு, மாடலில் அது ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது, உலகத்துக்கே தப்பான தண்டவாளம் எங்களுக்கு மட்டும் அதிகம் சரி. இதைக் கண்டுபிடித்த ராத்திரி கணவரை எழுப்பிச் சொன்னேன். "நாளைக்குச் சொல்லக் கூடாதா" என்றார்.

நியூ ஆர்லியன்ஸும் அதே 5 அடி 2½. அதனால்தான் அந்த ஊரின் 832-ஆம் எண் டிராம் எங்கள் மியூசியத்தில் சக்கரத்தை மாற்றாமலே ஓடுகிறது.

பேஸ்மெண்டில் மேலே ஓடுகிற கம்பி சும்மா அழகுக்கா, நிஜமாகவே கரண்ட் வருகிறதா?

வருகிறது, ஆனால் குறைந்த வோல்ட், தொட்டால் ஒன்றும் ஆகாது. பாஸ்பர் வெண்கலக் கம்பி, அதைத் தாங்க பித்தளைக் குழாயில் செய்த தெருக்கம்பங்கள், ஒவ்வொரு சந்திப்பும் சோல்டரிங். நேர்ப்பாதை சுலபம். வளைவில் கம்பி வளையாது, துண்டு துண்டான நேர்க்கோடுகளாகத்தான் இழுக்க வேண்டும், ஒவ்வொரு முனையிலும் பக்கவாட்டில் ஒரு இழுகம்பி. ஒன்றை இறுக்கினால் அடுத்தது தளரும். கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் கடைசி வரிசையில் தெரிகிற மாதிரி, ஒரு மில்லிமீட்டர் தவறினால் டிராமின் கம்பம் சரியாக அந்த முக்கில் கம்பியை விட்டு விலகிவிடும்.

இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு தெருச் சந்திப்பை முடித்தேன். முடித்த அன்றே, பின்னால் விழுந்த ஒரு ஸ்க்ரூவை எடுக்கக் கை நீட்டினேன், முழங்கை பட்டது. டிங் என்று ஒரு சத்தம். அப்புறம் டிங், டிங், டிங். ஆறு கம்பம். நிஜ வேலை செய்கிறவர்களிடம் போய்ச் சொன்னேன், மியூசியத்தில் மேல்கம்பி கவனிக்கிற ஒருவர், "நீ முதலில் எந்த இழுகம்பியைக் கட்டினாய்?" என்று கேட்டார். நான் ஓரத்திலிருந்து ஆரம்பித்திருந்தேன். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் சமமாகக் கட்டிக்கொண்டு போ என்றார். இரண்டாவது தடவை மூன்று வாரத்தில் முடிந்தது. மியூசியம் எனக்குக் கொடுத்த சம்பளம் என்று வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

மாடலில் எது வராது?

எடை. பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் கிலோ இரும்பு நிற்க மறுத்துத் தள்ளும் அந்த உணர்வு எந்த அளவில் செய்தாலும் வராது. ஒலிபெருக்கி வைத்துக் கம்ப்ரஸர் சத்தம் வரவழைக்கலாம், வைத்திருக்கிறேன், ஆனால் தரை அதிராது.

செலவு?

டிராம் ஒன்று நூற்றுக்கணக்கான டாலர், பித்தளையில் கையால் செய்தது என்றால் அதற்கும் மேல். எனக்கு ஒரு விதி: புதிது வாங்கினால் பழையது ஒன்றை விற்க வேண்டும். கணக்கு எழுதுகிறவள் நான், அந்த விதியை எங்கெங்கே மீறியிருக்கிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

தூசி?

தினமும். தண்டவாளத்தைத் துடைத்தால் துணியில் கறுப்பாக வரும். பேஸ்மெண்ட் ஈரத்துக்கு ஈரமுறிஞ்சி மெஷின் கோடை முழுக்க ஓடும், வாளியை நாளுக்கு ஒருமுறை கொட்ட வேண்டும். வெளியூர் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி எல்லோரும் பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பார்கள், நான் வாளித் தண்ணீரைக் கொட்டச் சொல்லிக் கொடுப்பேன்.

நானும் ஆரம்பிக்கலாமா? எங்கே?

வாங்குவதற்கு முன்னால் பாருங்கள். பக்கத்தில் டிராம் மியூசியம் இருந்தால் ஒரு சனிக்கிழமை போய் நில்லுங்கள், ஏதாவது தூக்கச் சொல்வார்கள், தூக்குங்கள். வீட்டில் என்றால் முதலில் நான்கடிக்கு இரண்டடி பலகை, ஒரு வளைவு, ஒரு தெரு. முழு ஊரையும் முதல் வருஷமே கட்ட நினைத்தவர்களின் பலகைகள் கராஜில் சாய்ந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால் ஹெச்ஓ எடுங்கள், கிடைப்பது அதுதான் எளிது, கம்பங்களைச் சைக்கிள் ஸ்போக்கில் செய்யலாம், நானே முதலில் அப்படித்தான் செய்தேன்.

மெட்ராஸ் டிராம் ஒன்று செய்யக் கூடாதா?

செய்துகொண்டிருக்கிறேன், நாலு வருஷமாக. அடிச்சட்டம், சக்கரம், மோட்டார் ஆயிற்று, உடம்பு அட்டையில் வெட்டிப் பார்த்தாயிற்று. கையில் இருக்கிற போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை, அதிலும் எல்லாம் முன்பக்கம் அல்லது ஒரே பக்கவாட்டு. என் அம்மாவின் சித்தி சின்ன வயதில் அதில் போயிருக்கிறார். என்ன நிறம் பாட்டி என்று வீடியோ காலில் கேட்டேன். "நிறமா? கூட்டமா இருக்கும்டி" என்றார். உங்கள் வீட்டு ஆல்பத்தில், கல்யாண ஊர்வலத்துக்கோ கடைத் திறப்புக்கோ எடுத்த படத்தில், பின்னால் ஓரமாக ஒரு டிராம் மாட்டியிருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள். பின்பக்கப் படிக்கட்டு தெரிந்தால் இன்னும் நல்லது, அங்கேதான் நிற்கிறேன்.